விமானி உரிமமும் பயிற்சி ஒப்பந்தமும்: தென்காசி மாணவர்கள் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

விமானி வேலை இன்று பெரிதும் தனியார் வேலை. ஏர் இந்தியா பொதுத்துறை நிறுவனமாக இருந்தவரை அதன் பணிகளுக்கு இடஒதுக்கீட்டுச் சுழற்சி முறை பொருந்தியது. 2022 ஜனவரியில் அந்நிறுவனம் டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டதோடு அது முடிவுக்கு வந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 16(4) ஆவது பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டுமே பொருந்துவது. தனியார்மயமான பின் ஏர் இந்தியாவுக்கு எதிராக நீதிப்பேராணை மனு நிலைக்காது என்று ஆர்.எஸ். மதிரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆகவே, விமானியாக விரும்பும் பட்டியலின மாணவர் ஒருவருக்கும் அவரைப் பணியமர்த்தும் நிறுவனத்துக்கும் இடையே இன்று எஞ்சியிருப்பது ஒப்பந்தம் என்னும் காகிதம் மட்டுமே. அந்தக் காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வதும் உரிமைப் போராட்டத்தின் ஒரு பகுதி என்று நாம் கருதுகிறோம்.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. தூத்துக்குடி வாகைக்குளம், மதுரை, எல்லைக்கு அப்பால் திருவனந்தபுரம் ஆகியவையே அருகிலுள்ளவை. பீடி சுற்றும் குடும்பங்களும் கூலி விவசாயக் குடும்பங்களும் நிறைந்த இம்மாவட்டத்தில் மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதிகளும் அவ்வாறே. இத்தகைய மாவட்டத்தின் பிள்ளைகளுக்கு விமானி வேலை எட்டுமா என்னும் கேள்விக்கு விடை காண, முதலில் அவ்வேலையின் படிகளை அறிய வேண்டும்.

உரிமத்துக்கான தகுதிகள்

வணிக விமானி உரிமத்தை வழங்குவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியலோ கலைப்பிரிவோ படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக இவ்விரு பாடங்களை எழுதித் தேறுவது பரவலாகப் பின்பற்றப்படும் வழி. பொறியியல் பட்டம் தேவையில்லை.

மருத்துவத் தகுதியில் இரு நிலைகள் உண்டு. முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றும், பின்னர் முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். நிறக்குருடு, இதயக் கோளாறு போன்றவை இங்கேதான் வெளிப்படும். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பாகவே முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் பெற்றுவிட வேண்டும் என்பது நாம் முதலில் வலியுறுத்தும் அறிவுரை. கட்டணம் கட்டிய பின் மருத்துவத்தில் தகுதியிழந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாடு.

எழுத்துத் தேர்வுகளில் வான்வழிச் செலுத்தம், வானிலையியல், விமானப் போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்கள் உள்ளன. இவற்றோடு வானொலித் தொடர்புக்கான தனிச்சான்றும் வேண்டும். வானிலையியல் தாளில் மலைகளில் மோதி மேலெழும் ஈரக்காற்று பொழிவிக்கும் மழை ஒரு பாடம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று நுழைந்து குற்றாலத்தில் சாரலாக இறங்குவதை ஆண்டுதோறும் பார்த்து வளரும் மாணவருக்கு அந்தப் பாடம் அந்நியமானதன்று. அந்நியமாக இருப்பது அது கேட்கப்படும் மொழியும் அதைக் கற்பிக்கும் பயிற்சி மையங்கள் பெருநகரங்களில் குவிந்திருப்பதும்தான்.

இவற்றுக்குப் பின் 200 மணி நேரப் பறத்தல். இதில் 100 மணி நேரம் தாமே பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். கருவிகளை மட்டும் கொண்டு பறத்தல், இரவுப் பறத்தல், தொலைதூரப் பறத்தல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறைந்தபட்ச நேரங்கள் உண்டு.

உரிமம் பெற்றவுடன் வேலை கிடைப்பதில்லை

உரிமம் என்பது சட்டத்தின் நிபந்தனை. வேலைக்கு நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனைகள் அதற்கு மேற்பட்டவை. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒவ்வொரு வகை விமானத்தையும் இயக்கத் தனித் தகுதி வேண்டும். இதையே டைப் ரேட்டிங் என்பர். பல நிறுவனங்கள் இதை விண்ணப்பதாரரே சொந்தச் செலவில் முடித்துவர வேண்டும் என எதிர்பார்க்கின்றன. அல்லது சேர்த்துக்கொண்ட பின் அச்செலவை ஒப்பந்தம் வழியாக அவர்மீதே சுமத்துகின்றன. ஏர்பஸ் தகுதி பெற்றவர் போயிங் நிறுவனத்தில் சேர முடியாது. மீண்டும் பயிற்சி, மீண்டும் பணம்.

இதன் மேல் எழுத்துத் தேர்வு, கணினிவழித் திறன் சோதனை, உளவியல் சோதனை, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் ஆகியன உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் குறிப்பிட்ட மதிப்பெண், வயது வரம்பு ஆகியவற்றையும் நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொள்கின்றன. இவை எதிலும் இடஒதுக்கீடோ மதிப்பெண் தளர்வோ கிடையாது. நேர்காணலில் ‘தோற்றப் பாங்கு’, ‘பேச்சு நயம்’ என்று அளக்கப்படுபவை சாதியும் வர்க்கமும் எளிதில் ஒளிந்துகொள்ளும் இடங்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நாட்டுக்கு நாடு இந்நிபந்தனைகள் மாறுகின்றன. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் பின் அங்கே பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேர அனுபவம் கட்டாயமானது. அந்த நேரத்தைப் பலர் பயிற்றுநராகச் சம்பளம் பெற்றுக்கொண்டே சேர்க்கின்றனர். இந்தியாவில் 200 மணி நேர உரிமத்தோடு துணை விமானியாகச் சேரலாம். 1,500 மணி நேரம் என்பது தலைமை விமானிக்குரிய உயர் உரிமத்துக்கே தேவை. ஆனால் அந்த 200 மணி நேரத்துக்கும் டைப் ரேட்டிங்குக்கும் ஆகும் முழுச் செலவும் சம்பளம் வருவதற்கு முன்பே இளைஞரின் குடும்பத்தின் மீது விழுகிறது.

செலவும் பிணையும்

உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசு நடத்தும் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமியில் வணிக விமானிப் பயிற்சிக் கட்டணம் சுமார் 45 லட்சம் ரூபாய். அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. தனியார் பள்ளிகளில் செலவு இதைவிடக் கூடலாம். டைப் ரேட்டிங்குக்கு மேலும் பல லட்சம் வேண்டும். விமான நிறுவனங்கள் பயிற்சிப் பள்ளிகளோடு இணைந்து நடத்தும் கேடட் பைலட் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுவதுண்டு.

அரசு உதவிகளை இத்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் வணிக விமானி உரிமப் படிப்பு முதல் பிரிவிலேயே இடம்பெறுகிறது; ஆனால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டத்தில் நீண்டகாலம் நடைமுறையில் இருந்த வழிகாட்டுதல்கள், தனியார் பறத்தல் கழகங்களில் பயில்வோருக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாயை உச்சவரம்பாக வைத்தன. இரண்டு ஆண்டுப் பயிற்சி என்று கொண்டாலும் அது 7.44 லட்சம், 45 லட்சத்தில் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு. தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைப் படிப்புக்கும் ஆய்வுப் படிப்புக்கும் உரியது. விமானிப் பயிற்சிக்கு அன்று. ஆக, எஞ்சும் தொகைக்கு வங்கிக் கடனே வழி.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் டி.ஜி.சி.ஏ. ஏற்பு பெற்ற விமானிப் பயிற்சி இடம்பெறுகிறது. ஆனால் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஈடு கேட்கப்படுகிறது. சாதி அப்பட்டமாக வெளிப்படும் இடம் இதுவே. தமிழ்நாட்டில் தலித் குடும்பங்களிடம் நிலம் இருந்தால் அது பெரும்பாலும் ஒப்படை நிலம் அல்லது 1891 இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அளித்த அறிக்கையின் வழியே வந்த பஞ்சமி நிலம். பிறருக்கு விற்கக் கூடாது என்னும் நிபந்தனை அந்நிலத்தைக் காப்பதற்காக ஏற்பட்டது. அதே நிபந்தனையைக் காட்டி, விற்றுப் பணமாக்க முடியாத நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. நிலத்தைக் காக்க வந்த வேலி, கடன் வாங்கும் வாசலை அடைத்துவிடுகிறது. பறிபோன பஞ்சமி நிலங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடன் கிடைத்தாலும் கணக்கு எளிதன்று. எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி என்று கொள்வோம். ஆண்டு வட்டி 5 லட்சம். பயிற்சிக்கும் வேலைக்காகக் காத்திருப்பதற்குமாக மூன்று ஆண்டுகள் சென்றால் வட்டி மட்டும் 15 லட்சம். காத்திருக்கும் காலத்தில் மருத்துவச் சான்றையும் கருவிப் பறத்தல் தகுதியையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது கடனோடு காத்திருந்த இளைஞர்களுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை.

ஒப்பந்தங்களின் வகைகள்

விமானி ஒருவர் முதல் சில ஆண்டுகளில் சந்திக்கும் ஆவணங்கள் நான்கு.

முதலாவது, பயிற்சிப் பள்ளியோடு செய்யும் ஒப்பந்தம். எத்தனை மாதங்களில் 200 மணி நேரம் முடிக்கப்படும், விமானமோ பயிற்றுநரோ இல்லாமல் தாமதமானால் யார் பொறுப்பு, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை இதில் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கேடட் திட்டத்தில் விமான நிறுவனம் தரும் விருப்பக் கடிதம். இதனைப் பல குடும்பங்கள் பணி நியமன ஆணை என்றே எண்ணிவிடுகின்றன. ‘நிறுவனத்தின் தேவைக்கு உட்பட்டு’, ‘அனைத்துச் சோதனைகளிலும் தேறினால்’ என்ற சொற்கள் இருந்தால் அது வேலைக்கான உறுதிமொழி ஆகாது.

மூன்றாவது, பணிப்பிணை. நிறுவனம் பயிற்சி அளித்ததற்கு ஈடாக இத்தனை ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், இடையில் விலகினால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்பது இதன் சாரம்.

நான்காவது, முன்னறிவிப்புக் காலம். டி.ஜி.சி.ஏ. 2017 இல் வகுத்த விதிப்படி துணை விமானி ஆறு மாதங்களும் தலைமை விமானி ஓராண்டும் முன்னறிவிப்புத் தர வேண்டும். இது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்ட விதி. பணிப்பிணையும் முன்னறிவிப்பும் வெவ்வேறானவை; ஒன்றை முடித்தால் மற்றொன்று தானாகத் தீர்ந்துவிடாது. 2023 இல் முன்னறிவிப்புக் காலத்தை நிறைவு செய்யாமல் 43 விமானிகள் விலகியபோது ஆகாசா ஏர் நிறுவனம் அவர்களில் சிலர்மீது மும்பை உயர் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது. வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று அந்நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பரில் கூறியது.

சட்டம் என்ன சொல்கிறது

பணிப்பிணை என்றாலே செல்லாது என்னும் நம்பிக்கை மாணவர்களிடம் உண்டு. அது தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இன் 27 ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. எனினும், பணிக்காலத்துக்குள் மட்டும் பொருந்தும் கட்டுப்பாடு செல்லும் என்று நிரஞ்சன் சங்கர் கோலிகரி வழக்கில் 1967 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 மே மாதம் விஜயா வங்கி எதிர் பிரசாந்த் நர்னாவரே வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பிணை செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நிறுவனம் பொதுத்துறை வங்கி. தொகை 2 லட்சம். தனியார் நிறுவனம் புதிதாகச் சேரும் இளைஞரிடம் இருபது முப்பது லட்சம் கேட்கும்போது அத்தீர்ப்பு அப்படியே பொருந்தாது என்று வாதிட இடமுண்டு.

பிணையில் எழுதப்பட்ட தொகை முழுவதையும் கட்ட வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கையே. 74 ஆவது பிரிவின்படி எழுதப்பட்ட தொகை உச்சவரம்பு மட்டுமே. நீதிமன்றம் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே வழங்கும். இழப்பே ஏற்படாத இடத்தில் இழப்பீடு இல்லை என்றும், இழப்பை நிரூபிக்க இயலும் இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்றும் கைலாஷ் நாத் வழக்கில் 2015 இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே, விமானியே தம் செலவில் டைப் ரேட்டிங் முடித்திருந்தால், நிறுவனம் எந்தச் செலவுக்காகப் பிணை கேட்கிறது என்ற கேள்வி வலுவானது.

பணத்தைக் கேட்கலாமே தவிர, வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் ஆணையிட முடியாது. தனிநபர் பணி ஒப்பந்தங்களை அவ்வாறு நிறைவேற்றுவிக்க இயலாது என்பது குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் நிலை. ‘கட்டாய உழைப்பு’ என்பதில் பொருளாதார நிர்ப்பந்தமும் அடங்கும் என்று 1982 இல் ஏசியாட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 23 ஆவது பிரிவுக்கு விளக்கம் தந்தது. செங்கல் சூளையின் முன்பணமும் விமானியின் பிணையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. அவற்றை ஒன்றெனக் கூறினால் கொத்தடிமைத்தனத்தின் கொடுமையை நாமே குறைத்துக் காட்டியவர்களாவோம். ஆனால் கடனைக் காட்டி உழைப்பைக் கட்டிவைக்கும் தர்க்கம் இரண்டிலும் உறவுடையது. சமமற்ற தரப்பினரிடையே மனச்சான்றை உறுத்தும் நிபந்தனைகள் செல்லாது என்னும் பிரோஜோ நாத் கங்குலி தீர்ப்பு (1986) இங்கே நமக்கு உதவும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு பணிநிலைமை நெறிமுறை, சட்டப்படி நிறுவனம் தர வேண்டிய பயிற்சியை இலவசமாகவும் பணிநேரமாகவும் தர வேண்டும் என்கிறது. தொழில் தகுதி பெறுவதற்கான பயிற்சிக்கு அது பொதுவாகப் பொருந்தாது எனினும், பணியின்போது தரப்படும் கட்டாயப் பயிற்சிக்குத் தொழிலாளர் பணம் கட்டக் கூடாது என்ற கொள்கை அங்கே சட்டமாகியிருக்கிறது. இந்தியாவில் அத்தகைய விதி இல்லை.

கையெழுத்திடும் முன்

ஒன்று: ஒப்பந்தத்தின் படியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அன்றே படித்து அன்றே கையெழுத்திட வேண்டும் என்று வற்புறுத்தினால், அதை மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள்.

இரண்டு: பிணைத்தொகை மாதந்தோறும் குறைய வேண்டும் என்று கேளுங்கள். 20 லட்சம் ரூபாய்ப் பிணை ஐந்து ஆண்டுகளுக்கு என்றால், மூன்று ஆண்டுகள் பணியாற்றியவரிடம் 8 லட்சத்துக்கு மேல் கேட்பதில் நியாயமில்லை. நிறுவனமே பணிநீக்கம் செய்தாலோ, சம்பளம் தராவிட்டாலோ, மருத்துவத் தகுதி இழந்தாலோ பிணை பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்கள்.

மூன்று: ஜாமீன்தாரராகத் தந்தையோ தாய்மாமனோ கையெழுத்திடும்போது, கடனாளியின் பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு என்பதை 128 ஆவது பிரிவு கூறுகிறது. நிறுவனம் முதலில் விமானியிடம் கேட்டுத் தோற்ற பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை.

நான்கு: கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை தராதீர்கள். அத்தகைய காசோலையும் கடனுக்காகத் தரப்பட்டது என்றே சட்டம் அனுமானிக்கும் என்று 2019 இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமையியல் பிணக்கு ஒன்று காசோலை மோசடிக் குற்ற வழக்காக மாறிவிடும்.

ஐந்து: அசல் சான்றிதழ்களை ஒப்படைக்காதீர்கள். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளன்று, அதைப் பணத்துக்குப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

ஆறு: வழக்கு எந்த ஊரில் நடக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பணி ஒப்பந்தத்தில் ஒரே ஊர் நீதிமன்றத்தைக் குறிப்பது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மும்பை என்றோ குருகிராம் என்றோ எழுதியிருந்தால், செங்கோட்டையிலிருந்து அங்கே சென்று வாய்தாவுக்கு நிற்க வேண்டியவர் நீங்களே.

ஏழு: சிக்கல் எழுந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12 ஆவது பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள்.

நாம் கேட்க வேண்டியவை

தனிமனித எச்சரிக்கை மட்டும் போதாது. ஆரியங்காவைத் தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூரின் நிலமே. அங்கே ‘விங்ஸ்’ என்ற திட்டத்தின் வழியே, திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமியில் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் விமானிப் பயிற்சிக்கு அரசே பணம் தருகிறது. 2019 இல் ஒடிசாவின் மல்கான்கிரி ஆதிவாசிப் பெண்ணான அனுபிரியா லக்ரா துணை விமானியானபோது நாடு வாழ்த்தியது. அத்தகைய செய்திகள் அரிதாக இருப்பதே நம் கவலை. தமிழ்நாட்டில் தாட்கோ விமானப் பணியாளர் பயிற்சிகளை அறிவித்திருக்கிறது. அவை பயணிகளுக்குப் பணிபுரியும் வேலைகளுக்கானவை. விமானி இருக்கைக்கும் அதே அக்கறை வேண்டும்.

தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024 இல் நிறைவேறியது. அதன் நிதியிலிருந்து விமானிப் பயிற்சிக்கும் டைப் ரேட்டிங்குக்கும் முழுக்கட்டண உதவி வேண்டும் என்பது நம் முதற்கோரிக்கை. சொத்து ஈடு கேட்கும் வங்கிகளுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும் என்பது இரண்டாவது.

மூன்றாவது, தென்காசிக்கு மிக அருகில் உள்ளது. கோவில்பட்டி அருகேயுள்ள பழைய ஓடுதளத்தில் விமானிப் பயிற்சி நிலையம் அமைக்க டிட்கோ திட்டமிட்டு வருகிறது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் இயற்ற 15(5) ஆவது பிரிவு இடம் தருகிறது. அதை உச்ச நீதிமன்றம் 2014 இல் உறுதி செய்தது. அரசு நிலத்தைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தத்தில் இடஒதுக்கீட்டையும் கட்டண வரம்பையும் நிபந்தனையாக எழுதுவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. நம் பிள்ளைகள் கையெழுத்திடும் ஒப்பந்தங்களைப் பற்றி இவ்வளவு எழுதினோம். அரசு கையெழுத்திடப்போகும் அந்த ஒப்பந்தத்தின் வரிகளை, அது முடிவாவதற்கு முன்பே, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்றுப் படிக்க வேண்டியது மாணவர் அமைப்புகளின் உடனடிப் பணி.